யோசனை சொல்லாத ஒருவர்

எங்கள் ஊரில் அறிவுரைக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் அப்பா லேத்துப் பட்டறை வைத்திருந்த எழுபதுகளில், தொழில் செய்கிறவனுக்கு யோசனை சொல்ல ஆளில்லாத இடமே கிடையாது. டீக்கடை பெஞ்சில் சொன்னார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்டுச் சோறு வருவதற்குள் சொன்னார்கள். எழவு வீட்டில் எடுப்பதற்குக் காத்திருக்கும் நேரத்தில்கூடச் சொன்னார்கள். அதற்காக யாரும் ஒரு பைசா வாங்கியதில்லை. இன்று அதே ஊரில் அதே மாதிரிப் பட்டறைகளை நடத்துகிறவர்கள், மாதம் இரண்டு முறை ஒரு மணி நேரம் ஒதுக்கி, கட்டணமும் கொடுத்து, எந்த யோசனையும் சொல்லாத ஒருவர் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த வேலையைத்தான், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, நான் செய்துவருகிறேன். கோச் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் "நீட்டுக்கா, டி.என்.பி.எஸ்.சி.க்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் இல்லை. தொழில் நடத்துகிறவர்களும் நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்களும், சில சமயம் வாழ்க்கையில் ஒரு திருப்பத்தில் நிற்பவர்களும் தங்கள் காரியத்தைத் தாங்களே தெளிவாகப் பார்த்து முடிவெடுக்கக் கூட இருந்து உதவுகிற வேலை இது. இந்த வேலையின் அருமை எனக்குப் புரிந்தது பயிற்சி வகுப்பில் இல்லை. அப்பாவின் பட்டறையைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோதுதான்.

பட்டறையில் மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஓர் எமரி வீல். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிரதான வேலை. அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். நாலாவதோ ஐந்தாவதோ படித்தவர். கிராமத்திலிருந்து வேலை பழக வருகிற பையன்களை அவர் பழக்கிய விதத்தை, அப்பாவுக்குச் சோற்றுப் போசி கொண்டுபோகும்போதெல்லாம் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளை உள்ளே வரக்கூடாது என்பதால் வாசல் வரைக்கும்தான்.

பையன் லேத்தில் ஷாஃப்டை மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பான். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலைப் பார்ப்பார், பையனின் தோளைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "டேய், சத்தம் எப்பிடி வருது?" என்பார். பையன் அப்போதுதான் காதைக் கொடுப்பான். "கீச்சுனு வருதுங்க." "காலைல எப்பிடி வந்துச்சு?" "இப்பிடி வரலீங்க." மேஸ்திரி அதற்கு மேல் சொல்லமாட்டார். பையன் சீவலைக் குனிந்து பார்ப்பான். நிறம் நீலம் பாய்ந்திருக்கும். "டூலு மழுங்கிப் போச்சுங்களா?" என்பான். "எறக்கிப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். பையன் மெஷினை நிறுத்தி, டூலைக் கழற்றி, எமரி வீலில் பிடித்துத் தீட்டி, திரும்ப மாட்டுவான். மறு வாரம் அதே பையன் யாரும் கேட்காமலே சத்தம் மாறியதும் மெஷினை நிறுத்துவான்.

"டூல் மழுங்கிடுச்சு, மாத்துடா" என்று மேஸ்திரி ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவரே வந்து சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். பையனுக்குப் பின்னால் மேஸ்திரி நின்றார். மேஸ்திரிக்கு ஒரு சந்தேகம் வந்தால் அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. யோசனை சொல்ல வந்தவர்கள் எல்லாரும் அவருக்கு எதிரே நின்றுகொண்டு சொன்னார்கள். பஞ்சு வியாபாரத்தில் இருந்த பெரியப்பா, "ஷாஃப்ட் கடைஞ்சு என்னத்தக் கண்டே? முழு மோட்டாரே பண்ணு தம்பி" என்பார். அம்மாவின் அண்ணன், "இருக்கறதக் காப்பாத்துங்க மாப்ள, அகலக்கால் வெக்காதீங்க" என்பார். இரண்டும் நல்ல யோசனைதான், யாருக்காவது. அப்பாவின் கையில் என்ன வேலை இருக்கிறது, எவ்வளவு வர வேண்டியிருக்கிறது, அவருக்கு எதில் பயம், எதில் ஆசை என்று இருவருமே கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்பா சொல்லியிருக்கமாட்டார்.

ஏன் சொல்லமாட்டார் என்பதுதான் இதில் முக்கியமான சங்கதி. அப்போது ஒரு பெரிய வாங்குநர் மாதக்கணக்கில் பில் பணத்தை நிறுத்தி வைத்திருந்தார். இரும்பு வாங்கிய கடையில் பாக்கி ஏறிக்கொண்டிருந்தது. இதை அண்ணனிடம் சொன்னால் சொத்துப் பேச்சு வரும். மச்சானிடம் சொன்னால் வீட்டில் அழுகை வரும். சக பட்டறைக்காரரிடம் சொன்னால் அந்த ஆர்டர் அவர் கைக்குப் போகும். கடைக்காரருக்குத் தெரிந்தால் அடுத்த லோடு வராது. ஊரெல்லாம் தெரிந்தால் பெண் எடுக்க வருகிறவர்கள் யோசிப்பார்கள். பேசக்கூடிய ஒவ்வொருவருக்கும் அப்பாவின் முடிவில் ஒரு லாபமோ நட்டமோ இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பென்சிலால் கூட்டி, அழித்து, மறுபடி கூட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பட்டறை மூழ்கிவிடவில்லை, கடைசிவரை ஓடியது. ஆனால் அவர் மனதில் என்ன கணக்கு ஓடியது என்று எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது.

வங்கியில் சேர்ந்த பிறகு நான் பார்த்ததெல்லாம் நூறு விதமான அப்பாக்கள். பெரும்பாலும் சிறுதொழில் கடன் பிரிவில்தான் வேலை. 1993 அக்டோபரில் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான பிரதமர் ரோஜ்கார் யோஜனா வந்தது. பி.எம்.ஆர்.ஒய். லோன் என்று ஊரெல்லாம் அதற்குப் பெயர். மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைக்கும், சில நாட்கள் பயிற்சி கொடுக்கும், நாங்கள் பணம் கொடுப்போம். மெஷின் வாங்கி வைத்துவிட்டு முதல் ஆர்டருக்காகக் காத்திருக்கும் பையன்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கொட்டேஷன் இருக்கிறதா, மார்ஜின் பணம் கட்டியாயிற்றா, ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எங்கே, இன்சூரன்ஸ் புதுப்பித்தாயிற்றா என்று கேள்விகளுக்குக் குறைவில்லை. எல்லாம் காகிதத்தைப் பற்றிய கேள்வி. 2004 மார்ச்சிலிருந்து தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது இன்னொரு கேள்வி சேர்ந்துகொண்டது: "எப்ப கட்டுவீங்க?"

ஒரு தொழில் சாய்வதற்கு ஒரு வருடம் முன்பே அதை நடத்துகிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆர்டரைக் குறைந்த விலைக்கு எடுத்திருப்பார், மறுக்கத் தைரியம் வந்திருக்காது. பங்காளியோடு பேச்சு நின்றிருக்கும். கைதேர்ந்த ஆள் ஒருவன் விலகியிருப்பான், ஏன் என்று கேட்டிருக்கமாட்டார். எதுவும் எங்கள் படிவத்தில் வராது. கடன் கொடுத்தவர்கள் என்ற முறையில் எங்களிடமும் அவர் வாய் திறக்கமாட்டார்.

இதை உணர்ந்து முன்பே செயல்பட்டவர்களும் இருந்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள் லட்சுமி வெங்கடேசன் 1992இல் தொடங்கிய பாரதிய யுவ சக்தி அறக்கட்டளை, எளிய குடும்பத்து இளைஞர்கள் தொழில் தொடங்கக் கடனுக்கு வழி செய்ததோடு, ஒவ்வொருவருக்கும் அனுபவசாலி ஒருவரை வழிகாட்டியாகவும் சேர்த்துவிட்டது. வழிகாட்டி தன் அனுபவத்தைச் சொல்பவர். கோச்சின் வேலை அதிலிருந்து வேறு. என்றாலும் பணத்தோடு ஒரு மனிதரையும் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டது பெரிய விஷயம்.

கோச்சிங் என்று இன்று உலகம் முழுக்க நடப்பதன் வேர் விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணிக்குத் தலைவராக இருந்த திமோதி கால்வே, பின்னர் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். மட்டையை இப்படிப் பிடி, முழங்காலை இப்படி மடக்கு என்று சொல்லச் சொல்ல மாணவர்களின் உடம்பு விறைத்துப்போவதைக் கவனித்தார். சொல்வதைக் குறைத்தார். பந்து தரையில் படும்போது 'பட்டது' என்றும், மட்டையில் மோதும்போது 'அடித்தேன்' என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்றார். கவனம் முழுக்கப் பந்தின் மேல் போனது. ஆட்டம் தானாகச் சீர்ப்பட்டது. 1974இல் 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' என்ற நூலில் இதை எழுதினார். எங்கள் மேஸ்திரி "சத்தம் எப்பிடி வருது?" என்று கேட்டுக்கொண்டிருந்த அதே காலம். இருவரும் செய்தது ஒன்றுதான்: செய்கிறவனின் கவனத்தைச் செய்கிற காரியத்தின் மேல் திருப்பிவிட்டு, மீதியை அவன் புத்தியிடம் விட்டார்கள்.

கால்வேயின் வழியை பிரிட்டனுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஜான் விட்மோர். 1965இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டம் வென்ற பந்தய வீரர். அவரும் கூட்டாளிகளும் இதை நிறுவனங்களுக்குள் எடுத்துச் சென்றார்கள். 1992இல் அவர் எழுதிய நூல் வழியாகப் பரவிய நான்கு படிகளை இன்றும் கோச்சுகள் பயன்படுத்துகிறார்கள். முதலில் இலக்கு என்ன, பிறகு இப்போதைய நிலைமை என்ன, அடுத்து என்னென்ன வழிகள் இருக்கின்றன, கடைசியாக எதைச் செய்யப்போகிறீர்கள். பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். நம் பேச்சு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள்: ஒருவர் கஷ்டம் என்று வாயைத் திறந்ததும் நாம் நேராக மூன்றாவது படிக்குத் தாவி, நம் வழியைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். முதல் இரண்டு படிகளில் பொறுமையாக நிற்பதுதான் கோச்சின் தொழில்.

அமெரிக்காவில் தாமஸ் லெனார்டு என்ற நிதி ஆலோசகர் 1995இல் சர்வதேச கோச் கூட்டமைப்பை நிறுவினார். அதன் பிறகுதான் இது ஒரு தனித் தொழிலாக உருப்பெற்றது. கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வந்த எரிக் ஷ்மிட், 'உங்களுக்கு ஒரு கோச் வேண்டும்' என்று இயக்குநர் குழுவில் இருந்த ஜான் டோயர் சொன்னபோது, முதலில் வருத்தப்பட்டாராம்; என்னிடம் ஏதோ குறை என்று நினைக்கிறார்களோ என்று. வந்தவர் பில் கேம்ப்பெல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். தனக்குக் கிடைத்த யோசனைகளிலேயே சிறந்தது கோச் வைத்துக்கொள்ளச் சொன்னதுதான் என்று ஷ்மிட் பின்னாளில் பேட்டியில் சொன்னார். எங்கள் ஊர் முதலாளிகளும் இதே இடத்தில்தான் முதலில் தயங்குகிறார்கள்: "நமக்கு என்னங்க கொறை?"

அவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதுல் கவாண்டே அமெரிக்காவில் பேர்பெற்ற அறுவை மருத்துவர், இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். சில வருடங்கள் ஆபரேஷன் செய்த பிறகு தன் கைத்திறன் ஓரிடத்தில் நின்றுவிட்டது போல அவருக்குத் தோன்றியது. தான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஆசிரியராக இருந்த ராபர்ட் ஆஸ்டீன் என்ற ஓய்வுபெற்ற மருத்துவரை அழைத்து, ஆபரேஷன் தியேட்டரில் ஓரமாக நின்று தன்னைக் கவனிக்கச் சொன்னார். தைராய்டு ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. சொல்ல ஒன்றும் இருக்காது என்றே கவாண்டே நினைத்தார். ஆஸ்டீன் குறிப்பேட்டில் நிறையக் குறித்து வைத்திருந்தார். முழங்கை அடிக்கடி தோள் உயரத்துக்குப் போகிறது, அப்போது கையில் நுணுக்கம் குறையும். விளக்கு நகர்ந்து, வெட்டிய இடத்தில் நேராக வெளிச்சம் விழாமலே வெகுநேரம் வேலை நடந்தது. துணி விரித்த விதம் உங்களுக்கு வசதி, எதிரே நின்ற உதவியாளருக்கு இடைஞ்சல். தியேட்டரில் இருந்த அத்தனை பேரில் இதை ஒருவரும் கவாண்டேயிடம் சொன்னதில்லை. 2011இல் நியூயார்க்கர் இதழில் அவரே இதை எழுதினார். படிப்பு முடிந்த அன்றோடு நம்மைக் கவனித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விடுகிறது. தேர்ந்தவனுக்கும் அது நட்டம்தான்.

சரி, இப்போது என் அறைக்கு வாருங்கள். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். இந்தத் தொழிலில் அது முதல் சத்தியம்.

வார்ப்படம் வாங்கி மெஷினிங் செய்து கொடுக்கும் யூனிட். நாற்பது வயதுக்காரர், இரண்டாம் தலைமுறை. 2008க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் அப்பாவோடு ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றித் தொழில் பழகியவர். அப்புறம் ஜி.எஸ்.டி., கொரோனா, எல்லாம் தாண்டியாயிற்று. ஆனாலும் களைத்துப்போயிருந்தார்.

"ஆளுக சரியில்லீங்கக்கா. எல்லாத்துக்கும் நாந்தான் நிக்கோணும்."

"இந்த ஆறு மாசத்துல எது நடந்தா, இங்க வந்தது வீண்போகலன்னு நெனப்பீங்க?"

வெகுநேரம் யோசித்தார். "ரெண்டு புது கஸ்டமரைப் போய்ப் பாக்கோணுங்க. பழைய ரேட்டு கட்டுபடி ஆகறதில்ல. போறக்கு நேரமே இல்லீங்க."

இலக்கு வந்துவிட்டது. அவர் சொன்னது ஆட்களைப் பற்றி, தேவைப்பட்டது நேரம். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

"நேத்துக் காலைலருந்து ராத்திரி வரைக்கும் யாரெல்லாம் உங்ககிட்ட வந்து என்னென்ன கேட்டாங்க? ஞாபகம் இருக்கற வரைக்கும் எழுதுங்க."

எழுதினார். ஒருத்தனுக்கு லீவு. லோடு ஆட்டோ வாடகை. இன்செர்ட் தீர்ந்துபோனது. வாட்ச்மேன் அட்வான்ஸ். எந்த ஜாப்பை முதலில் மெஷினில் ஏற்றுவது. டீக்கு எத்தனை பேர். தாள் நிரம்பி, திருப்பிப் போட்டு எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பயிற்சியே. நாக்கு நுனியில் பத்து யோசனை நிற்கும், விழுங்க வேண்டும்.

"இதுல நான் சொன்னாத்தான் ஆகுங்கறது ரெண்டு மூணுதானுங்க" என்றார் கடைசியில்.

"மத்ததெல்லாம்?"

"சூப்பர்வைசர் பண்ணிருவாருங்க. பாஞ்சு வருசமா இருக்காரு."

"பண்ணாம இருக்கறதுக்கு என்ன காரணம்?"

மறுபடி மௌனம். "என்னையக் கேக்காம பண்ணுனா எனக்குக் கோவம் வந்துருங்கக்கா. ரெண்டு தடவ எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "எங்கப்பாவும் இப்பிடித்தானுங்க" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். ஆலோசகர் யாராவது அறிக்கையில் எழுதியிருந்தால் அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார். அவர் வாயால் வந்ததால் அவருக்கே சொந்தமாகிவிட்டது. பிறகு வழிகளைப் பேசினோம். குறிப்பிட்ட தொகை வரைக்கும் வாங்குவதற்குச் சூப்பர்வைசரே கையெழுத்துப் போடலாம் என்றார். காலை பதினொரு மணி வரைக்கும் ஷெட்டுக்குள் போவதில்லை என்றார். முடிவில் நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எந்தத் தேதில ஆரம்பிக்கிறீங்க, அது நடந்துச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் பேசிவிட்டு வாட்ஸப் போடுகிறேன் என்றார். போட்டார்.

அடுத்த சந்திப்புக்குள் விதியை மீறி இரண்டு முறை ஷெட்டுக்குள் போய்விட்டார். அதைப் பற்றியே அன்று முழுக்கப் பேசினோம், குற்றம் சாட்டாமல். எதைப் பார்த்ததும் கால் உள்ளே இழுத்தது, உள்ளே போய் என்ன மாறியது என்று. ஐந்தாவது மாதத்தில் புது வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்க ஓசூர் போய்வந்தார். பழைய வாடிக்கையாளரிடம் ரேட் ஏற்றிக் கேட்க என்னிடம் இரண்டு முறை ஒத்திகை பார்த்தார். கேட்டதில் பாதி கிடைத்தது. அற்புதம் எதுவும் நிகழவில்லை. சூப்பர்வைசருக்கு முதல் முறையாக அடித்துக் கொடுத்த விசிட்டிங் கார்டை மட்டும் எனக்குக் காட்டவென்றே கொண்டுவந்தார்.

தொழில் இல்லாத இடத்திலும் இது நடக்கும். குழந்தைகளுக்காகப் பத்து வருடம் வேலையை விட்டிருந்த ஒரு பெண், "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்று தொடங்கினார். அந்தப் பத்து வருடத்தில் என்னென்ன பொறுப்பு உங்கள் கையில் இருந்தது என்று கேட்டேன். மாமியாரின் டயாலிசிஸ் நாட்கள், இன்சூரன்ஸ் கிளெய்ம், குடியிருப்புச் சங்கத்தின் கணக்கு, தண்ணீர் லாரிக்காரரோடு பேரம் என்று வந்துகொண்டே இருந்தது. சொல்லச் சொல்லக் குரல் மாறியதைக் கேட்க வேண்டும். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறார். என் காலத்தில் பெண் பிள்ளையிடம் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்ட ஆளே கிடையாது. அந்தக் கேள்வியை ஒரு பெண்ணிடம் நான் கேட்கும்போதெல்லாம், வாசல் வரைக்கும்தான் என்று நிறுத்தப்பட்ட அத்தனை பெண்களுக்காகவும் கேட்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

பெரிய கம்பெனிகளில் நிறுவனமே பணம் கட்டி அதிகாரிகளுக்கு கோச் ஏற்பாடு செய்கிறது. அங்கே முதலில் மேலதிகாரி, அதிகாரி, கோச் மூவரும் உட்கார்ந்து என்ன மாற வேண்டும் என்று பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு உள்ளே பேசுவது வெளியே போகக்கூடாது. பணம் கட்டியது யார் என்பதற்காக அந்தக் கதவு திறக்கக்கூடாது. திறந்துவிட்டால் அப்பாவுக்கு நேர்ந்த அதே கதிதான்: எதிரே ஆள் இருப்பார், பேச முடியாது.

இது உண்மையில் பயன் தருகிறதா என்று ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டிம் தேபோமும் சகாக்களும், அதுவரை வந்த 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, வேலைத் திறன், மனநலம், நெருக்கடியைச் சமாளிப்பது, இலக்கு வைத்துச் செயல்படுவது ஆகியவற்றில் நல்ல பலன் இருக்கிறது என்று கண்டார்கள். என் அனுபவமும் அதுவே, ஒரு நிபந்தனையோடு: வருகிறவருக்கு மாற வேண்டும் என்ற விருப்பம் இருக்க வேண்டும். முதலாளி பிடித்துத் தள்ளியதால் வந்து உட்காருகிறவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

கோச்சிங் தொடக்கூடாத இடங்களும் உண்டு. தூக்கமில்லை, எதிலும் ஈடுபாடில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்று ஒருவர் பேச ஆரம்பித்தால், அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது பாவம். நல்ல மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், முடிந்தால் கூடவே போக வேண்டும். வரிக் கணக்கு சிக்கலாக இருந்தால் ஆடிட்டரிடம் போக வேண்டும். பங்குதாரர் ஏமாற்றியிருந்தால் வக்கீலிடம்.

இன்னொரு பக்கம், இந்தப் பெயரில் நடக்கும் கூத்துகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நட்சத்திர ஹோட்டல் ஹாலில் பாட்டுப் போட்டு, எல்லாரையும் எழுந்து நின்று கத்தச் சொல்லி, மூன்று நாளில் கோடீஸ்வரன் ஆக்குகிறேன் என்று ஆயிரக்கணக்கில் பணம் பிடுங்குகிறார்கள். கூட்டத்தில் ஏறிய உற்சாகம் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இறங்கிவிடுகிறது. அடுத்த நிலைப் பயிற்சிக்கு இன்னும் பணம் கட்டச் சொல்லி அன்றைக்கே போன் வரும். ஒரு சிறு வியாபாரி அங்கே கொண்டுபோய்க் கொட்டும் காசு, அவர் கடைக்குச் சரக்கு வாங்க வைத்திருந்த காசு. மைக் பிடித்து ஆயிரம் பேரிடம் பேசுகிறவரால் ஒரே ஒருவரின் கணக்கு நோட்டைப் பற்றி எதுவும் கேட்க முடியாது.

நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்டிக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. ஆகவே போகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும். எங்கே பயிற்சி எடுத்தீர்கள், சான்றிதழ் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சர்வதேசக் கூட்டமைப்பின் முதல் நிலைச் சான்றுக்கே 100 மணி நேரமும், அடுத்த நிலைக்கு 500 மணி நேரமும், உச்ச நிலைக்கு 2,500 மணி நேரமும் ஆட்களோடு உட்கார்ந்து கோச்சிங் செய்த அனுபவம் வேண்டும். முதல் சந்திப்பிலேயே அவர் எவ்வளவு பேசுகிறார், உங்களை எவ்வளவு பேசவிடுகிறார் என்று பாருங்கள். வருமானம் இத்தனை மடங்கு ஆகும் என்று உத்தரவாதம் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம், நடுவில் நிறுத்திக்கொள்ளலாமா, ரகசியம் காக்கப்படுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு குறை எனக்கு இருக்கிறது. இந்த உதவி யாருக்கு மிக அவசியமோ அவர்களுக்கு எட்டாத விலையில் இருக்கிறது. பன்னாட்டு நிறுவனத்தின் துணைத் தலைவருக்கு கோச் கிடைக்கிறார். எங்கள் ஊர் கணபதி பகுதியில் இரண்டு லேத் போட்டு, ஐந்து குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்குக் கிடைப்பதில்லை. என்னால் முடிந்தவரை சிலருக்குக் கட்டணம் இல்லாமல் செய்கிறேன். அது போதாது.

வங்கிகளுக்கும், மாவட்டத் தொழில் மையங்களுக்கும், நம் தொழில் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்குக் கடனும் மானியமும் கொடுக்கிறீர்கள், தொடக்கத்தில் பயிற்சியும் கொடுக்கிறீர்கள். அதோடு முதல் ஓராண்டுக்கு, மாதம் ஒரு முறையாவது அவரோடு உட்கார்ந்து பேச, பயிற்சி பெற்ற ஒருவரையும் கொடுங்கள். அந்த ஒருவர் வங்கிக்கு அறிக்கை தருகிறவராக இருக்கக்கூடாது. சரக்கு விற்கிறவராகவும் இருக்கக்கூடாது. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்களும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறோம். பயிற்சி கொடுத்து எங்களை வேலைக்கு அழையுங்கள், வருகிறோம்.